தணிகாசலத்தின் ஐநூறாவது பதில்

தணிகாசலம் அண்ணன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை. அவர் சொன்னதற்கு மேல் கூட்ட யாராலும் முடியாது என்பது வேறு விஷயம். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. அன்றைக்கு அவருக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தேன், அதற்கு மட்டும்தான் நான் பொறுப்பு.

திருவள்ளூரில் ஏழு பத்துக்குக் கிளம்புகிற சென்னை லோக்கலில், முன்னாலிருந்து மூன்றாவது பெட்டி எங்களுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆறு வருஷமாக நாங்களே உட்கார்ந்து பிடித்துக்கொண்டது. அதில் தினமும் ஒரு பொது அறிவுக் கேள்வி உண்டு. வண்டி திருவள்ளூரை விட்டு நகர்ந்ததும் கோமளா கேட்பாள். ஆவடி வருவதற்குள் பதிலைத் துண்டுச் சீட்டில் பேரோடு எழுதி, அவள் மடியில் இருக்கும் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். ஆவடி பிளாட்பாரம் தெரிந்ததும் டப்பாவை மூடிவிடுவாள். அப்புறம் கலெக்டரே வந்து நின்றாலும் சீட்டு வாங்க மாட்டாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை, இரக்கம் பார்த்துப் பழக்கமில்லை.

போனைப் பார்த்து எழுதக் கூடாது. போனில் பதில் அனுப்பவும் கூடாது, ஆள் வண்டியில் இருக்க வேண்டும். சரியோ தப்போ, வேலை நாள் ஒன்றுகூட விடாமல் ஐநூறு நாள் பதில் போட்டவருக்கு ஜன்னல் சீட்டு. ரிடையர் ஆகிற வரைக்கும் அது அவருக்கே. ஒரு நாள் விட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதுதான். விட்டதற்குத் தகுந்த காரணம் இருந்தால் மறுநாள் சொல்லலாம். எல்லாரும் கை தூக்கினால் மன்னிப்பு, ஒருத்தர் தூக்காவிட்டாலும் போச்சு. இதையெல்லாம் நோட்டில் எழுதி வைப்பது என் வேலை. நான் சுகந்தி, சவுகார்பேட்டையில் ஒரு வளையல் கடையில் இருக்கிறேன்.

தணிகாசலம் அண்ணன் ஒரு ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டர். முப்பத்தோரு வருஷமாக ஜன்னலே இல்லாத ஒரு பெட்டிக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷன். அவருக்கு அந்த ஜன்னல் சீட்டு மேல் உயிர். மகள் நிச்சயதார்த்தத்தன்றைக்குக்கூட வேட்டி சட்டையோடு ஆவடி வரை வந்து, பதிலைப் போட்டுவிட்டு, எதிர் வண்டியில் திரும்பிப் போனவர். நானூற்றுத் தொண்ணூற்றொன்பது நாள் விடாமல் பதில் போட்டிருந்தார். அதில் சரியான பதில்கள் ஒன்பது. நோட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஐநூறாவது நாள், செவ்வாய்க்கிழமை, அவர் வரவில்லை.

புதன்கிழமை வந்தார். தலை படிய வாரி, விபூதி பூசி, நேராக எங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தார். ஜன்னலோரம் ஜாஃபர் இருந்தான். அவனுக்கு மண்ணடியில் வாட்ச் ரிப்பேர் கடை. அவன் கணக்கு நானூற்று எண்பத்தேழு. அண்ணன் விழுந்தால் இன்னும் பதின்மூன்று நாளில் ஜன்னல் அவனுக்கு. ஜன்னல் சீட்டு சும்மா இருக்கிறதே என்று ஒரு வாரமாக அதில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தான்.

வண்டி நகர்ந்தது. கோமளா தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டாள். "இன்னிக்குக் கேள்வி. ஆக்டோபஸுக்கு எத்தன இதயம்?"

நான் அண்ணனிடம் நேற்றைய விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். கோமளா என் காலை மிதித்தாள். அவளுக்கு அண்ணன் கதை கேட்க வேண்டும். எனக்கும் வேண்டும்தான், அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

"முதல்ல இன்னிக்குப் பதில எழுதுங்கண்ணா" என்று கோமளா ஒரு சீட்டை நீட்டினாள்.

"இரும்மா. நேத்து கதைக்கு நீங்க கை தூக்கலன்னா, இன்னிக்கு எழுதறது ஒண்ணாவது நாளு. அத எழுதினா இன்னா, எழுதாட்டி இன்னா?" என்று சீட்டை வாங்கி மேல்பாக்கெட்டில் செருகிக்கொண்டார். "முதல்ல காரணத்தக் கேளுங்க. அப்பால நீங்களே ரெண்டு கையும் தூக்குவீங்க."

"தூங்கிட்டேன்னு சொல்லிடுங்கண்ணே. சுருக்கா முடிஞ்சிடும்" என்றான் ஜாஃபர்.

"தூக்கமா? எனக்கா? ஆறரைக்கே பிளாட்பாரத்துல நிக்கறேன்டா நான். கையில தடி புக்கோட ஒரு பொண்ணு வந்துச்சி. குரூப் ஃபோர் பரிட்சைக்குப் படிக்குதாம். 'சார், உங்க மூஞ்சப் பாத்தா விஷயம் தெரிஞ்சவரு மாதிரி இருக்கு, ஒரு டவுட்டு'ன்னுச்சி."

"இன்னா டவுட்டு?"

"தமிழ்நாட்டுல மொத்தம் எத்தன சட்டமன்றத் தொகுதின்னு. சொன்னேன்."

"எத்தனன்னு சொன்னீங்க?"

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியாச்சிபா. ஒரு தடவ சொன்னத நான் திருப்பிச் சொல்றதில்ல."

ஜாஃபர் என்னைப் பார்த்தான். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டேன். வண்டி புட்லூரில் நின்று கிளம்பியது.

"பக்கத்துல நின்னவன் கேட்டுட்டான். அவனுக்கு ஒரு டவுட்டு. அவன் கூட வந்தவனுக்கு ரெண்டு. அஞ்சு நிமிஷத்துல பத்து பேரு, பத்து நிமிஷத்துல அம்பது பேரு, ஆறே முக்காலுக்கு எண்ணிப் பாக்கறேன், இருநூறு பேரு. டிக்கெட் எடுக்கற கியூ கலைஞ்சி என் முன்னாடி கியூ நிக்குது. பேனா வித்துகினு இருந்த ஆளு, இருந்த பேனா அத்தனையும் வித்துட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. ஒருத்தன் எழுத நோட்டு இல்லாம சட்டையக் கழட்டி அதுல எழுதினான். முதுகுல பூரா நதிங்க, ரெண்டு கையிலயும் மலைங்க. காலர்ல முக்கியமான தேதிங்க."

"சட்டைய தோச்சா?" என்று கேட்டார் தரையில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா. அவர் எங்கள் கூட்டத்தில் சேர்ந்தவர் இல்லை, ஆனால் கதை என்றால் யார் கதையையும் கேட்பார்.

"பரிட்சை முடியற வரைக்கும் தோய்க்காதடான்னு சொல்லி அனுப்பியிருக்கேன்மா. எனக்கு இது புதுசா? என் லிஃப்ட்ல ஏறுறவன் கீழ்த்தளத்துல ஒண்ணும் தெரியாம ஏறி, ஏழாவது மாடியில பட்டதாரியா இறங்கறான். ஒரு ஆபீசரு அவசரத்துல மூணாவது மாடியிலயே இறங்கிட்டாரு. பாவம், இன்னிக்கு வரைக்கும் அவருக்குப் பாதிதான் தெரியும்."

ஜாஃபர் துண்டுச் சீட்டில் எதையோ எழுதிக்கொண்டே கேட்டான். "சரிண்ணே, ஏழு பத்துக்கு வண்டி வந்துச்சே. நாங்கல்லாம் ஏறினோமே. அந்த இருநூறு பேரு எங்க கண்ணுக்குத் தெரியலயே?"

"எப்படித் தெரியும்? நீ ஏறினதும் கண்ண மூடற ஆளு. வண்டி வந்துச்சி. நான் கூட்டத்த விலக்கிகினு வர்றேன். பாத்தா டிரைவரு தலைய நீட்டி, 'சார், எனக்கும் ஒரு டவுட்டு'ன்றாரு. நான் இன்னா பண்ணுவேன்? அவருக்குச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பின்னாடிலேந்து கார்டு ஓடி வந்து, 'சார், நீங்க கொடி காட்டினா போலாம்'ன்னாரு. நானே கொடி காட்டி அனுப்பிட்டேன். ஒருத்தனுக்காக ஆயிரம் பேரு வேலைக்கு லேட்டாப் போலாமா, நீயே சொல்லு!"

தன் தியாகத்தை நினைத்து அவரே தலையை ஆட்டிக்கொண்டார். செவ்வாப்பேட்டை வந்தது. சீட்டு எழுதியவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக டப்பாவில் போட்டார்கள். நானும் போட்டேன். ஜாஃபரும் கையை நீட்டிப் போட்டான். அண்ணன் அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. அவர் செவ்வாய்க்கிழமையிலேயே இருந்தார்.

"வண்டி போயிடுச்சி. ஆனா கேள்வி எனக்கு வேணுமே? தண்டவாளத்துல காத வெச்சேன்."

"எதுல?"

"தண்டவாளத்துலபா. கோமளா கேக்கறது சக்கரம் வழியா இறங்கி, தண்டவாளத்துல ஓடி வருது. முதல்ல சுகந்தி வளையல் சத்தம் வந்துச்சி. அப்பால நீ கொட்டாவி விட்டது வந்துச்சி. அதுக்கும் அப்பால தெளிவா கேள்வி வந்துச்சி. புட்லூர்கிட்ட ஒரு இடத்துல மட்டும் கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சி."

கோமளா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. "கேட்டுச்சா அண்ணா, என் குரலு?"

"கணீர்னு கேட்டுச்சிமா. ஆவடிக்குள்ள பதில் சொல்லணும். வாயில கைய வெச்சி திருவள்ளூர்லேந்தே ஒரு கத்து கத்தினேன். பதில் நல்லாத்தான் போச்சி. வேப்பம்பட்டு வரைக்கும் பிசிறில்லாம போச்சி. அங்க எதிர்ல ஒரு எக்ஸ்பிரஸ் வந்துச்சி பாரு, அந்தக் காத்துல ஒதுங்கி திருநின்றவூர் ஏரியில விழுந்துடுச்சி. இப்ப அந்த ஏரியில இருக்கற கெண்டைக்கெல்லாம் பதில் தெரியும். உனக்குத்தான் தெரியாது."

"ரீல் விடறதுக்கும் ஒரு அளவு இருக்குண்ணே" என்றான் ஜாஃபர்.

"நீ நம்பாதடா. ஏரிகிட்ட போயி கேட்டுப் பாரு." அண்ணன் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். "இனிமே நேர்லதான் போகணும்னு முடிவு பண்ணேன். விஷயத்தச் சொன்னதும் அந்த இருநூறு பேரும் என்னத் தூக்கிட்டாங்க. தோள் மேல போட்டுகினு ரோட்டுல ஓடறாங்க. ஓடும்போதும் டவுட்டு நிக்கல. தலைமாட்டுல இருக்கறவன் வரலாறு கேக்கறான், கால்மாட்டுல இருக்கறவன் அறிவியல் கேக்கறான். இடுப்பப் புடிச்சிகினு ஒருத்தன் கணக்கு கேட்டான், வேணாம்டா கீழ போட்டுடுவேன்னு சொன்னேன்."

"அப்பால?" என்றார் கீரைக்கார அம்மா.

"நெமிலிச்சேரி தாண்டி ஒரு ரயில்வே கேட்டு மூடியிருக்கு. கேட் கீப்பரு கறாரான ஆளு. 'மூணு பொது அறிவுக் கேள்விக்குப் பதில் சொன்னாத்தான் தொறப்பேன்'ன்னாரு. முதல் ரெண்டும் சொன்னேன். மூணாவது கேள்விய அவரு கேக்கறதுக்குள்ள கேட்டே தானா தொறந்துகிச்சி. இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஆனதில்லன்னு அவரு கண்ணத் தொடச்சிகினாரு. நாங்க வுட்டோம் பாரு ஓட்டம், ஆவடி போயித்தான் நின்னோம். ஸ்டேஷன் கடிகாரத்தப் பாக்கறேன், மணி ஏழு அஞ்சு."

ஜாஃபர் நிமிர்ந்து உட்கார்ந்தான். நேரம் என்று வந்துவிட்டால் அவனால் சும்மா இருக்க முடியாது, தொழில் அப்படி. "ஏழு அஞ்சா? வண்டி திருவள்ளூர விட்டுக் கிளம்பினதே ஏழு பத்துக்கு."

"ஆமா."

"வண்டி கிளம்பின அப்பறம்தான் நீங்க ஓட ஆரம்பிச்சீங்க."

"ஆமா."

"அப்ப கிளம்பறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே போய்ச் சேந்துட்டீங்களா?"

"அதுக்குப் பேர்தான்டா வேகம். சும்மாவா, இருநூறு பேரு நானூறு காலு!"

பெட்டி முழுக்க சிரித்தது. நின்றுகொண்டு வந்தவர்களில் ஒருத்தர் சிரித்த சிரிப்பில் பிடியை விட்டு இன்னொருத்தர் மேல் சாய்ந்தார். வண்டி பட்டாபிராமில் நின்று கிளம்பியது. அண்ணன் சிரிக்கவில்லை. எங்கள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையும் மேலே போகவில்லை.

"ஆவடியில நிக்கறேன், வண்டி வருது, இதே ஜன்னல்" என்று அவசரமாகச் சொன்னார். "ஜன்னல் வழியா பதிலச் சொன்னேன். ஜன்னலோரம் இவன் தூங்கிகினு இருந்தான். காதுல விழுந்தும் டப்பாவுல போடல. இப்ப சொல்லுங்க, தப்பு என்னோடதா, இவனோடதா?"

ஜாஃபர் கோபப்படவில்லை. நிதானமாகக் கேட்டான். "சரிண்ணே. தண்டவாளத்துல கேட்டீங்க, ஆவடியில பதில் சொன்னீங்க. நேத்து கேள்வி இன்னா?"

அண்ணன் ஒரு கணம்தான் யோசித்தார். "உலகத்துலயே பெரிய பறவை எது?"

"நீங்க சொன்ன பதில்?" என்றாள் கோமளா.

"நெருப்புக்கோழி."

"பதில் சரிதான் அண்ணா" என்றாள் கோமளா. அவள் குரல் அன்பாகத்தான் இருந்தது, ஊசி போடும் முன்னால் பேசுவாளே, அந்த அன்பு. "ஆனா நேத்து நான் கேள்வியே கேக்கல. தொண்ட கட்டிகிச்சி, வாயத் தொறக்க முடியல. எனக்குப் பதிலா வேற யாரும் கேக்கக் கூடாதே. சுகந்தி கொண்டாந்த பொங்கலச் சாப்ட்டுட்டு எல்லாரும் தூங்கிகினு வந்தோம். நேத்து யாருக்குமே கணக்கு இல்ல."

இந்துக் கல்லூரி வந்தது, போனது. அண்ணன் தன் கால்விரலையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் மெதுவாக நிமிர்ந்து, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"கேக்காத கேள்விக்கே சரியான பதில் சொல்லியிருக்கேன்" என்றார். "இந்த வண்டியில வேற யாராவது சொல்லியிருக்கீங்களா?"

கீரைக்கார அம்மா கை தட்டினார். நான் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கும்போது ஆவடி பிளாட்பாரம் வந்துவிட்டது. கோமளா பிஸ்கட் டப்பாவை டப்பென்று மூடினாள்.

அந்தச் சத்தத்தில்தான் அவருக்கு உறைத்தது. எனக்கும்தான். நேற்று கணக்கில்லை என்றால் அவருடைய நானூற்றுத் தொண்ணூற்றொன்பது அப்படியே இருக்கிறது. இன்றைக்குத்தான் ஐநூறாவது நாள். நேற்றைக் காப்பாற்ற அவர் பேசிக்கொண்டே வந்ததில் இன்றைய நேரம் முழுக்கப் போய்விட்டது. சீட்டு அவருடைய மேல்பாக்கெட்டில் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் அதை எடுத்துப் பார்த்தார்.

"தூங்கிட்டேன்மா" என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரலே வேறு மாதிரி இருந்தது. "ஐநூறாவது நாளாச்சேன்னு மூணு மணிக்கே முழிப்பு வந்துடுச்சி. குளிச்சி, புதுச் சட்ட போட்டுகினு சேர்ல உக்காந்தேன். எப்ப கண்ணசந்தேன்னு தெரியல. எழுந்து பாக்கறேன், எட்டே கால். ஆபீஸுக்கும் போகல. வீட்லயே உக்காந்து அழுதேன்."

நானாவது சொல்லியிருக்கலாம். ஒரு கதை கேட்கும் ஆசையில் மனுஷனின் ஜன்னலைக் கெடுத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. கோமளாவுக்கும் அதே எண்ணம்தான் என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் மூடிய டப்பாவில் அவளே நினைத்தாலும் சீட்டு போட முடியாது. டப்பாவைத் திறந்து, குனிந்த தலை நிமிராமல் வழக்கம்போல் படித்தாள்.

"சரியான பதில், மூணு. சுகந்தி மூணு, சரி. ஜாஃபர் மூணு, சரி..." நாலைந்து சீட்டுகளைப் படித்தாள். அப்புறம் ஒரு சீட்டைப் பிரித்துவிட்டு நிறுத்தினாள். "தணிகாசலம். எட்டு. தப்பு."

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"நான் எழுதலயே" என்றார் அண்ணன்.

ஜாஃபர் ஜன்னலுக்கு வெளியே அண்ணனூர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். "செவ்வாப்பேட்டையில போட்டேன். நீங்க அப்ப கொடி காட்டிகினு இருந்தீங்க."

கோமளா என்னைப் பார்த்தாள். நான் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, விதிகளை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். ஆள் வண்டியில் இருக்க வேண்டும், பேரோடு சீட்டு இருக்க வேண்டும், ஆவடிக்குள் போட்டிருக்க வேண்டும். யார் கையால் எழுத வேண்டும் என்று எங்கேயும் இல்லை. கறாரான கோமளாவே, "இல்லாத விதிய நான் எப்படிப் போடறது?" என்று கை விரித்தாள். நான் அவர் பேருக்கு எதிரே ஐநூறு என்று எழுதினேன். பேனாவை அழுத்தி எழுதியதில் அடுத்த பக்கம் வரைக்கும் பதிந்துவிட்டது.

"பதில் தெரிஞ்சிகினே ஏன்டா எட்டுன்னு எழுதின?" என்று அண்ணன் கேட்டார். கேட்கும்போதே கண்ணில் தண்ணீர்.

"நீங்க எழுதியிருந்தா இன்னா எழுதியிருப்பீங்க? காலு எட்டு, அதனால இதயம் எட்டுன்னுதான? நானூத்தி எண்பத்தெட்டு நாளா பாக்கறேன்ல." ஜாஃபர் எழுந்து நின்று தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "எழுந்து வந்து உக்காருங்கண்ணே. எனக்கு வெயில் அடிக்குது."

அண்ணன் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டார். அண்ணனூர், திருமுல்லைவாயில், தென்னை மரம், மாடு, துணி காயும் மொட்டை மாடி எல்லாவற்றையும் முதல்முறை பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டே வந்தார். அம்பத்தூர் தாண்டும்போதுதான் உள்ளே திரும்பினார். அதற்குள் முகம் தெளிந்து, பழைய அண்ணன் ஆகியிருந்தார்.

"ஜாபரு, நீ நல்லவன்தான். ஆனா என் பேர்ல எழுதின பதில தப்புன்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன்."

"புத்தகத்துல மூணுன்னுதாண்ணே இருக்கு."

"புத்தகம் எழுதினவனுக்கு அது மூணுதான் காட்டியிருக்கு" என்றார் தணிகாசலம் அண்ணன். "மிச்சம் அஞ்ச பழகினவங்ககிட்டதான் காட்டும்."